தூரியின் மல்யுத்தப் பெட்டி

"கிழவர் சாப்பிடுறார் இல்லை, அக்கா" என்று தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் ஒரு மீன்பிடிப் படகின் ராடார் போர்டைத் திறந்து வைத்திருந்தேன். கிழவர் சாப்பிடாததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். "அவரின்ரை மெஷின் பழுதாப் போச்சு. நீங்கள் ஒருக்கா வந்து பாக்கவேணும்" என்றான்.

நான் நோர்வேயின் பேர்கன் நகரில் பத்தொன்பது வருடங்களாக இருக்கிறேன். படகுகளின் மின்னணுக் கருவிகளைத் திருத்துவது என் தொழில். தம்பி யூட் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிறான். தூரி என்ற எழுபத்தொன்பது வயதுக்காரரை, அவருடைய வீட்டிலேயே தங்கியிருந்து ஆறு வருடங்களாகப் பராமரிக்கிறான். எங்கள் ஊர் மன்னார். யூட்டின் மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான்.

தூரி முன்பு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காசு போட்டு விளையாடும் மெஷின்கள் வைத்த ஒரு கடை நடத்தினார். கடையை மூடியபோது எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் செய்த தொழில்முறை மல்யுத்த விளையாட்டு அது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சண்டை போடுவார், வெல்வார், வந்து மேசையில் உட்காருவார். மூன்று கிழமைக்கு முன், கிழவர் எழும்புமுன் யூட் சுவிட்சைப் போட்டுப் பார்த்தபோது அதன் திரை கறுத்துக் கிடந்தது. அன்றிலிருந்து கிழவர் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்தார்.

தகப்பனுக்கு மூளை மங்கிவிட்டதென்று மகள் கார்மேலா முடிவு செய்து, ஒரு முதியோர் இல்லத்துக்கு எழுதிப்போட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை அங்கிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். கிழவர் போனால் யூட்டுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. மனைவியையும் மகளையும் கூப்பிடப் போட்ட கடதாசிகளும் அந்த வேலையின் பேரில்தான் நின்றன.

நான் லீவு கேட்டேன். எதற்கென்று முதலாளி கேட்டார். சிசிலியில் ஒரு மெஷினுக்குச் சுகமில்லை என்றேன். அவர் உள்ளே போய், ஒரு பெட்டி பியூஸ் கொண்டுவந்து தந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் யூட் என்னை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தில் கண்டு கட்டிப்பிடித்தான். மெலிந்திருந்தான். "முதல்லை சாப்பிடுவம்" என்று தெருவோரத்து வண்டிக்காரரிடம் கூட்டிப்போனான். கடலை மாவைத் தட்டையாகப் பொரித்து, எள்ளுப் போட்ட பாணுக்குள் அடுக்கி, எலுமிச்சம்புளி பிழிந்து தந்தார்கள். பனெல்லே என்று பெயர். வாயில் வைத்ததும் இதற்குக் கொஞ்சம் செத்தல் மிளகாய் இருந்தால் என்று தோன்றியது. யூட் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்து நீட்டினான். இடித்த மிளகாய். ஆறு வருடத்தில் அவன் அந்த ஊருக்குச் செய்த திருத்தம் அது ஒன்றுதான் போலிருந்தது.

பேர்கனில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால்கூட நாங்கள் யன்னலைப் பார்ப்போம். இங்கே, தூரியின் வீடு இருக்கும் சீசா பகுதிக்குப் போகும் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் பையைத் தொட்டு உள்ளே என்ன என்று கேட்டாள். ஆயுதங்கள் என்று யூட் சொன்னான். அவள் சிரித்து, தன் வீட்டுச் சலவை மெஷினின் வியாதியை விவரிக்கத் தொடங்கினாள். நாங்கள் இறங்கும்வரை அது முடியவில்லை.

தூரியின் வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் இல்லை. யூட் தேய்த்த சட்டையும் யூட் வாரிவிட்ட தலையுமாய்க் கிழவர் நாற்காலியில் இருந்தார். எதிரே அந்தப் பெட்டி, ஆளுயரத்தில். பக்கப் பலகையில் ஒரு மல்லன் இன்னொருவனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். மேலே ஜப்பானிய எழுத்துகள். கட்டுப்பாட்டுப் பலகையில் இடது உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் சாயம் தேய்ந்து மரம் தெரிந்தது.

நான் வணக்கம் சொல்லிப் பையைத் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியையும் சிறிய திருப்புளிகளையும் வெளியே வைத்தேன். கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தன் சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டி, கையை என் பக்கம் நீட்டினார். கைகுலுக்குகிறார் என்று நினைத்து நானும் குலுக்கினேன். அவர் முகம் இன்னும் இருண்டது.

மெஷின் பழுதாகிவிட்டதென்று அவருக்குச் சொல்லக்கூடாது என்பது கார்மேலாவின் கட்டளை. அதிர்ச்சி தாங்கமாட்டாராம். அவர் பெட்டியைக் கை காட்டும்போதெல்லாம் "தொமானி" என்று சொல்லவேண்டும். நாளைக்கு. மூன்று கிழமையாய் யூட் தினமும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை கிழவர் படுத்திருந்தபோது பின்பலகையைக் கழற்றினேன். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் நாலரைதான் வந்தது. மின்சாரம் கொடுக்கும் பகுதியில் கப்பாசிற்றர்கள் தலை வீங்கி நின்றன. எனக்கு மனம் லேசாகிவிட்டது. இது படகுகளில் தினமும் பார்க்கிற வியாதி. மாற்றினால் சரி. பாகங்கள் விற்கும் கடையின் முகவரியைத் துண்டில் எழுதித் தந்து, பஸ் இலக்கத்தையும் சொல்லி யூட் அனுப்பிவைத்தான்.

அன்று பஸ் வேலைநிறுத்தம் என்பது எங்களுக்குத் தெரியாது. தரிப்பில் முக்கால் மணி நேரம் நின்றேன். பலகை நாலு நிமிடத்தில் பஸ் வருமென்று காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்று வந்தபோது இலக்கத்தைக்கூடப் பார்க்காமல் ஏறினேன். அது மலையைச் சுற்றிக் கொண்டுபோய் என்னைக் கடற்கரையில் இறக்கிவிட்டது. மொந்தெல்லோ. பாலைப்போல வெளிறிய நீலத்தில் கடல், குடை விரித்துச் சனங்கள், நடுவில் குளிர்ச் சப்பாத்தோடு நான். திரும்பிப் போக எப்போது பஸ் என்று சாரதியிடம் சைகையால் கேட்டேன். அவர் எஞ்சினை நிறுத்தி, செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு அரஞ்சினா வாங்கிக் கடலைப் பார்த்தபடி தின்றேன். சோற்றை உருட்டி, நடுவில் இறைச்சிக் கறி வைத்துப் பொரித்த உருண்டை. எங்கள் ஊர் இறைச்சி ரோல்ஸுக்குத் தூரத்துச் சொந்தம். பிறகு நடந்தேன். கேட்டுக் கேட்டு இரண்டரை மணி நேரம் நடந்து, கடை பூட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். கப்பாசிற்றர்கள் இருந்தன. கடைக்காரர் என் சப்பாத்தைப் பார்த்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தண்ணீரும் தந்தார்.

சனிக்கிழமை காலையும் கிழவர் எழும்புமுன் எல்லாவற்றையும் மாற்றினேன். மீட்டர் சரியாக ஐந்து காட்டியது. யூட் சமையலறை வாசலில் சிலுவை போட்டுக்கொண்டான். சுவிட்சைப் போட்டேன். திரை ஒரு பச்சைக் கோலத்தைக் காட்டிவிட்டு மறுபடி கறுத்தது.

போர்டை முழுதாக வெளியே எடுத்துக் கண்ணாடியின் கீழே வைத்தபோதுதான் அந்தப் பற்றரியைக் கண்டேன். நகத்தளவு. விளையாட்டைத் திறக்கும் இரகசிய எண்களை உள்ளே ஒரு சிப்பில் அழியாமல் வைத்திருப்பது அதன் வேலை. பற்றரி தீர்ந்தால் எண்கள் அழிந்துவிடும். புதிது போட்டும் பலனில்லை. அந்தக் காலத்தில் கள்ளப் பிரதி எடுக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இதற்கும் வழி தெரிந்தவர்கள் எங்கோ இருப்பார்கள். ஆனால் அதற்கு வேறு கருவிகளும் பல கிழமைகளும் வேண்டும். என்னிடம் இருந்தது மூன்று நாள்.

யூட்டிடம் சொன்னேன். அவன் வெங்காயம் வெட்டப் போனான். கொஞ்ச நேரத்தில் கத்திச் சத்தம் நின்றது. "அவளுக்கு நான் என்னண்டு சொல்லுறது, அக்கா? பிள்ளை இப்பவே இத்தாலியன் படிக்கத் தொடங்கியிட்டாள்" என்றான்.

பலெர்மோவுக்கு வந்தபிறகு முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. அன்று பின்னேரம், வேறு செய்ய ஒன்றுமில்லாததால் இருவரும் பல்லரோ சந்தைக்கு நடந்தோம். வாள்மீனின் தலையை வாள் மேலே பார்க்க நிறுத்தி வைத்திருந்தார்கள். வியாபாரிகள் பாட்டுப்போலக் கத்தினார்கள். விலை கேட்டால் கோபம்போல ஒரு முகத்தைக் காட்டி, பிறகு ஒரு தக்காளியைச் சும்மா கையில் வைத்தார்கள். பேர்கன் மீன் சந்தையில் மீன்கள்கூட வரிசையில் நிற்பதுபோலத் தோன்றும்.

சந்தைக்குப் பின்னால் செலிம் என்ற வங்காளதேசத்துக்காரர் தொலைபேசி திருத்துகிறார். யூட்டுக்குப் பழக்கம். அவர் என் கைத்தொலைபேசியில் பெட்டியின் படத்தைப் பார்த்தார். பலகையின் எழுத்துகளைத் தன் தொலைபேசிக்குக் காட்டி எதையோ தேடினார். பிறகு யூட்டிடம் சொன்னது இதுதான்: இதே விளையாட்டு வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டு விளையாடும் கருவிக்கும் வந்திருக்கிறது. நாளை காலை வெள்ளனப் பழைய சாமான் சந்தைக்குப் போங்கள். சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் ஜப்பான் சாமான் வைத்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனோம். நிலத்தில் துணி விரித்து, ஒற்றைச் சப்பாத்து, பல் மருத்துவரின் கதிரை, யாருடையதோ கலியாணப் படம் எல்லாம் விற்றார்கள். மூன்று சிவப்புத் தொப்பிகள் இருந்தன. மூன்றாவது தொப்பிக்காரனின் பெட்டிக்குள், காலுறைகளின் கீழே அந்த விளையாட்டு கிடந்தது. பக்கப் பலகையில் இருந்த அதே மல்லன், அதே தூக்கல், உள்ளங்கை அளவில். அதை ஓட்டும் கருவியும் அவனிடமே இருந்தது. யூட் பேரம் பேச வாயெடுத்தான். நான் அவன் காலை மிதித்து, கேட்ட காசைக் கொடுத்தேன்.

அன்றைக்கு யூட்டுக்கு அரை நாள் லீவு. தமிழ்ப் பூசைக்கு அவன் போனான். நான் அறையில் இருந்து கருவியின் அடியைத் துடைத்தேன். துடைத்ததால் தப்பியது. அடியில் நூறு வோல்ட் என்று எழுதியிருந்தது. ஜப்பானின் மின்சாரம். இங்கத்தைய சுவரில் சொருகியிருந்தால் ஒரு நொடியில் புகைந்திருக்கும். பாதி சொருகிய வயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, யூட் வரும்வரை கட்டிலில் இருந்தேன். பின்னேரம் செலிமிடம் ஓடினோம். ஈயக்கட்டிபோலக் கனக்கும் ஒரு மின்மாற்றியை இரவல் தந்தார்.

திங்கட்கிழமை விடியலில் தொடங்கினேன். நல்லவேளையாக அந்தக் கருவியின் படச் சமிக்ஞையை இந்தப் பெட்டியின் பழைய திரை ஏற்றுக்கொண்டது. கையில் பிடித்து விளையாடும் பித்தான் பலகைகள் இரண்டையும் பிளந்து, ஒவ்வொரு பித்தானிலிருந்தும் வயர் இழுத்துப் பெட்டியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் சோல்டர் பண்ணினேன். கிழவர் அறையில் படுத்திருந்தார். வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய போர்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

பன்னிரண்டரைக்குக் கார்மேலா வந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வெள்ளை மேலங்கியோடு மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினாள். கையில் இல்லத்தின் விண்ணப்பக் கடதாசிகள். தினமும் இரண்டு தரம் நகரத்தைக் குறுக்கே கடந்து வந்துபோகிறாள் என்று யூட் சொல்லியிருந்தான். அவள்மேல் எனக்கிருந்த கோபம் அந்த முகத்தைக் கண்டதும் பாதியாகக் குறைந்தது.

மேசையில் சூடைமீனும் காட்டுச் சோம்பும் போட்ட பாஸ்தாவிலிருந்து ஆவி பறந்தது. யூட் கிழவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தான். நான் சுவிட்சைப் போட்டேன். திரை வெளுத்தது. கூட்டத்தின் இரைச்சல் எழுந்தது. மணி அடித்தது.

கிழவர் யூட்டின் கையை விட்டுவிட்டுத் தானே நடந்தார். உள்ளங்கை தேய்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. திரையைப் பார்க்காமலே வலப்பக்கம் இரண்டு, கீழே ஒன்று தட்டிப் பித்தானை அழுத்தினார். அவர் எப்போதும் எடுக்கும் கறுப்புக் காற்சட்டைத் தடியன் வரவேண்டும். முகமூடி போட்ட ஒருவன் வந்து நின்றான். வீட்டுக் கருவியில் மல்லர்களின் வரிசை வேறு. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு முகமூடிக்காரனை வைத்தே சண்டை போட்டார். எதிராளியைக் கயிற்றில் எறிந்து, திரும்பி வரும்போது பிடித்துப் பின்னால் வளைத்துக் கவிழ்த்து, தோளை அழுத்தினார். நடுவர் மூன்று எண்ணினார். கிழவர் திரும்பி எங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். யூட் பக்கத்தில் நின்று எனக்கு மெல்லத் தமிழில் சொன்னான்.

"இது வீட்டிலை விளையாடுறதாம். தன்ரை பெட்டி எங்கை எண்டு கேக்கிறார்."

கார்மேலா ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதில் 'தொமானி' என்ற சொல் எனக்கும் கேட்டது. கிழவர் பலகையில் கையால் ஓங்கி அடித்தார். யூட் மொழிபெயர்க்க மறந்து நின்றான். நான் அவன் கையைக் கிள்ளினேன்.

"மனுசிக்கு வருத்தம் வந்த நேரம் தானும் மகளும் சேந்து இப்பிடித்தானாம் சொன்னவை. நாளைக்குச் சுகம் வரும், நாளைக்கு வீட்டை போகலாம் எண்டு. மூண்டு கிழமை, அவ சாகுமட்டும் சொன்னவையாம், அக்கா. இப்ப தனக்கும் நாளைக்கு நாளைக்கு எண்டு சொல்லுறியளாம். குசினிக்குள்ளை நிண்டு குசுகுசுக்கிறியளாம்." யூட் என் பக்கம் திரும்பினான். "வெளியூரிலை இருந்து ஒரு டொக்டரையும் கூட்டியந்திருக்கிறியளாம். தனக்கு என்ன வருத்தம், எவ்வளவு காலம் இருக்கு எண்டதை இப்பவே சொல்லட்டாம்."

டொக்டர் யார் என்று நான் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் அவர் சட்டைக்கையைச் சுருட்டிக் கை நீட்டியதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. நாடி பார்க்கத் தந்திருக்கிறார். நான் குலுக்கிவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

நான் கார்மேலாவின் அனுமதியைக் கேட்கவில்லை. பைக்குள் இருந்த போர்டை எடுத்துத் துணியை அவிழ்த்து அவர் கையில் வைத்தேன். "சொல்லு தம்பி, செத்தது இது. ஐயாவுக்கு ஒண்டும் இல்லை. நான் படகு மெஷின் திருத்திறவள்" என்றேன்.

யூட் சொன்னான். கிழவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. அவர் அதை எது கொன்றது என்று கேட்டார். பற்றரியைத் தொட்டுக் காட்டினேன். இந்தச் சின்னதா என்று விரலால் அளந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். பாஸ்தா ஆறிவிட்டது என்று யூட்டைக் குறை சொன்னார். இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கார்மேலா அந்தக் கடதாசிகளைத் தகப்பனுக்கு முன்னால் வைத்தாள். அவரிடம் அவள் அதைப் பற்றி முதல்முறையாக நேரே கேட்டது அப்போதுதான். கிழவர் கண்ணாடி போட்டு எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். யூட் என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போக முடிகிறவரை இந்த வீடுதான், முடியாத நாள் வந்தால் மறுபடி வந்து என்னிடமே கேள் என்றார். அவள் மாடமுகப்புக்குப் போய்த் தொலைபேசியில் பேசினாள். நாளை வரவேண்டாம் என்று சொன்னது யூட்டுக்குக் கேட்டது. அவன் தண்ணீர்க் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தேய்த்த சட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

மாலையில் கிழவர் எனக்கு இரண்டாவது கைப்பிடியைக் காட்டினார். நாலு சண்டை போட்டேன். நாலிலும் தோற்றேன். ஒன்றில்கூட அவர் இரக்கம் காட்டவில்லை. இடைக்கிடை இது அசல் இல்லை, கயிற்றின் சத்தம் சரியில்லை என்று முறையிட்டார். ஆனால் எழும்பவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கார்மேலா வேலையைத் தொடங்குமுன் யூட்டைத் தன் காரில் கூட்டிப்போய், வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் காட்ட வேறு கடதாசி தேவையென்றால் தன்னைக் கேட்கச் சொன்னாளாம். அந்தக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் என்னை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்தான்.

விமான நிலையத்துக்குப் போகும் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மேடையில் ஒரு வாங்கில் இருந்தோம். மனைவியிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "ஓம். அவள் அழுதாள். பிள்ளை போனைப் பறிச்சு, ரயில் எண்டதுக்கு இத்தாலியன்லை என்ன எண்டு கேட்டவள்" என்றான். அதற்கு என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவன் நித்திரையாகிவிட்டிருந்தான். கோப்பு மடியில் சரிந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் வந்து விழுந்தது.

ரயில் வந்தது. சனங்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஏறினார்கள். கதவருகே நின்ற பரிசோதகர் என்னைப் பார்த்து, வரவில்லையா என்று கையால் கேட்டார். விமானத்துக்கு நான்கு மணி நேரம் இருந்தது. நான் தோளை அசைக்காமல், இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைக்காமல் கொடியை மட்டும் காட்டினார். ரயில் போனது. மற்ற ரயில் அரை மணியில் வரும்.